பழைய கார்களும் புதிய பற்றும்

ஐந்தாண்டுக் காலம் அடைபட்டுக் கிடந்த வாயில் திறந்துவிட்டது. 2020 மார்ச்சில், கொள்ளைநோய் நாட்டிற் கால்வைத்த வேளையில், அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு நிறுத்தப்பட்ட மோட்டார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி முதலாந் திகதி தொடக்கம் தனியார் கார்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரிச்சுமை மலைபோல் உயர்ந்து நிற்கிறது. ஆயினும் கப்பல்கள் வருகின்றன. காட்சிக்கூடங்களிற் புதிய கார்கள் மின்னுகின்றன. இந்த வேளையிலேதான் நம்மவருட் சிலர், தம்மிலும் வயதில் மூத்த ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் தேடிக் குடாநாட்டின் கராச்சுகளையும் தீவகத்தின் வளவுகளையும் அலசித் திரிகின்றனர். புதியது கிடையாத காலத்திற் பழையதைப் பேணினோம், அதில் வியப்பில்லை. புதியது கைக்கெட்டத் தொடங்கியபின்னும் பழையதை நாடுவது ஏன்?

இதனைப் பொழுதுபோக்காளரின் விசித்திரம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தேவை என்னும் கண்டிப்பான காவற்காரன் எழுபதாண்டு காத்துத் தந்த பொருளை, விருப்பம் என்னும் மென்மையான காவற்காரன் இனிக் காப்பானா என்ற கேள்வி இதிற் பொதிந்திருக்கிறது.

முதலில் அக்கார்கள் யாவை, அவை எவ்வாறு இவ்வளவு காலம் உயிர்பிழைத்தன என்பதைப் பார்ப்போம். மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதனை ஆக்கிய அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் ஒடுங்கியிருக்கிறதென்று கண்டு, அதனை நெடுக்கே இரண்டாக வெட்டி, நடுவே நான்கு அங்குலம் சேர்த்தார் என்பது மோட்டார் வரலாற்றிற் பலரும் அறிந்த செய்தி. கொம்பனியின் தலைவரான நஃபீல்ட் பிரபுவுக்கு அக்காரின் தோற்றம் பிடிக்கவேயில்லையாம். தோடு நீக்கி அவித்த முட்டைக்கு அதனை ஒப்பிட்டாராம். அந்த முட்டைதான் 1960ஆம் ஆண்டின் இறுதியிற் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் காராயிற்று. உற்பத்தி முற்றாக நின்றபோது பதினாறு இலட்சத்துக்கு மேல் வெளிவந்திருந்தன. ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் 1952 முதல் 1954 வரையே செய்யப்பட்டது. வட்டமான முதுகும், வளைந்த மட்காட்டும், சுக்கானுக்கு அடியிலே கியர்க்கம்பும், திரும்புமுன் பக்கவாட்டில் நீட்டிக் காட்டும் கைகாட்டியும் உடைய அந்தக் காரை யாழ்ப்பாணத்திற் காணாதவர் ஒரு தலைமுறைக்கு முன் இருந்திருக்க மாட்டார்.

டாக்குத்தர்மாரும் பிறக்கிராசிமாரும் மலாயாப் பென்சன்காரரும் வாங்கிய கார்கள் இவை. பெருமைக்குரிய கார்களல்ல, அன்றாடக் கார்கள். பெரிய துரைமார் வேறு வகைக் கார்களிற் போனார்கள். இன்று கொழும்பில் அவற்றைப் போற்றுதற்கெனப் பழைய சங்கங்கள் உண்டு. நான் பேசுவது ஆசுபத்திரிக்கும் சந்தைக்கும் சுடலைக்கும் போன கார்களைப் பற்றி.

இவற்றின் இலக்கத்தகட்டை நின்று நோக்குங்கள். ஈ.எல்., ஈ.என். என்ற ஆங்கில எழுத்துகள் இருக்குமாயின் அக்கார் 1957க்கு முன் பதியப்பட்டது என்று கொள்ளலாம். அவ்வாண்டிலேதான் புதிய வாகனங்களின் தகட்டிற் சிங்கள ஸ்ரீ எழுத்துப் புகுத்தப்பட்டது. தமிழரசுக் கட்சியினர் அதற்கு மாறாகத் தமிழ் எழுத்தைப் பொறித்துக்கொண்டு வண்டி ஓட்டினார்கள். 1958இல் அப்போராட்டம் மீண்டும் மூண்டு, தார்ச்சட்டியுந் தூரிகையும் தெருவுக்கு வந்தன. அவ்வாண்டின் கலவரத்தை அறியாதார் யார்? ஒரு தகரத் துண்டிலே நாட்டின் அரசியல் இவ்வளவு அடங்கிக் கிடக்கிறது. இன்று கார் வாங்க வருவோர் பழைய தகடு மாறாமல் இருக்கிறதா என்று முதலிற் கேட்கிறார்கள். அழகுக்காகக் கேட்கிறார்கள், ஆயினும் கேட்கிறார்களே.

1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியும் 1970 முதல் 1977 வரையான கடுங் கட்டுப்பாடுகளும் கார் இறக்குமதியை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. ஆனால் அதே கட்டுப்பாடுகள் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் வெளியிலிருந்து போட்டி வராமற் செய்தன. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் கையிற் காசு புரண்டது. காசு உண்டு, புதிய கார் இல்லை. ஆகவே பழைய கார் கைமாறிற்று. டாக்குத்தரின் ஏ-40 தோட்டக்காரனிடம் வந்தது, பின்னாசனம் கழற்றப்பட்டது, வெங்காய மூடைகள் ஏறின. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே தட்டிவான்கள் ஓடியதும், பஸ் நிலையத்தடியில் வாடகைக் கார்கள் ஆட்சேர்த்து நின்றதும் இக்காலத்து நினைவுகளே. 1977இற் சந்தை திறக்கப்பட்டபின் யப்பானியக் கார்கள் வந்தன. இன்னும் பத்தாண்டு அமைதி நிலவியிருப்பின் ஒஸ்ரின்கள் யாவும் இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அமைதி நிலவவில்லை.

1990 நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டதும் வடக்கிற்குப் பெற்றோலும் பற்றரியும் உட்பட எத்தனையோ பொருள்கள் தடைசெய்யப்பட்டன. அப்போது யாழ்ப்பாணத்தவர் மண்ணெண்ணெயிற் கார் ஓட்டினார்கள் என்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அதன் நுட்பம் எளிது. பழைய இயந்திரம் சிலிண்டருட் புகுந்த ஆவியை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக நெருக்கியே எரிப்பது; இன்றைய இயந்திரமோ பத்தில் ஒரு பங்காகவும் அதற்கு மேலாகவும் நெருக்குவது. அத்துணை நெருக்கத்தை மண்ணெண்ணெய் தாங்காது; உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து இயந்திரம் தட்டத் தொடங்கும். குறைந்த நெருக்கமுள்ள ஒஸ்ரினோ பொறுத்துக்கொள்ளும். ஒரு குறை: குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலின் ஒரு சிறு போத்தலிற் பெற்றோல் வைத்துச் சில துளிகளாற் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் அடியில் இறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். அதனால் எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டும். கரும்புகையும் நாற்றமும் ஊரை நிறைத்தன. ஆயினும் பிள்ளைத்தாய்ச்சியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை அவைதாம். யப்பானின் நுட்பம் மிகுந்த கார்கள் ஓலைக்கொட்டிலில் உறங்க, பிரித்தானியாவின் மந்தமான கார்கள் ஊரைச் சுமந்தன. மந்தமே அவற்றின் மேன்மையாயிற்று.

இதே காலத்தில் தீவகம் வேறொரு விதியை அடைந்தது. 1990களின் தொடக்கத்தில் இராணுவம் தீவுகளைக் கைப்பற்றியபோது மக்கள் கையிற் கொண்டதோடு புறப்பட்டார்கள். புங்குடுதீவு ஏறக்குறைய வெறுமையாயிற்று. வள்ளத்தில் ஆள் ஏறலாம், கார் ஏறுமா? விட்ட இடத்தில் விட்ட கார்களை உப்புக்காற்றுத் தின்றது. போர் முடிந்த 2009க்குப் பின் பழைய இரும்பு சேர்ப்போர் வந்து மிச்சத்தை அள்ளினார்கள்.

இந்த வரலாற்றை இவ்வளவு விரித்ததற்குக் காரணம் உண்டு. வேலணையிலிருந்து வாணர் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவை அடைந்து, சென்ற ஆடியில் நான் மடத்துவெளிக்குப் போயிருந்தேன். சுவிற்சர்லாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் கனடாவிலிருந்தும் விடுமுறைக்கு வந்தோரால் ஊர் சற்றே நிறைந்திருந்த நாள். குறிகட்டுவான் துறைக்கு விரைந்துகொண்டிருந்த வான்களை ஓரத்திலே போகவிட்டு, ஒரு வளவிற்குள் திறந்து கிடந்த சோமசெற் ஒன்றைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். அதன் சொந்தக்காரர் சுவிற்சர்லாந்தில் முப்பதாண்டு உழைத்து ஓய்வுபெற்றவர். அவருடைய தகப்பனார் அத்தகைய காரில் ஹயர் ஓடியவர். அந்தக் கார் போயிற்று. அதுபோல ஒன்றைத் தென்மராட்சியிலே கண்டு வாங்கிவந்திருக்கிறார். வேலணையிலிருந்து வந்த வயோதிப மெக்கானிக் ஒருவர் காபரேற்றரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அதன் அருகே ஒரு சிறு பித்தளைத் திருகுவாயும் வளைந்த குழாயும் இருந்தன. சொந்தக்காரர் அதைச் சுட்டி, "உதை எடுத்துப்போடுங்கோ அண்ணை. கொம்பனி விட்டமாதிரி இருக்கவேணும்" என்றார்.

கிழவர் நிமிர்ந்தார். "தம்பி, கொம்பனி விட்டது சீமைக்கு. உது நாங்கள் விட்டது. உதாலைதான் இந்தக் கார் இண்டைக்கு உங்களிட்டை வந்து நிக்குது" என்றார்.

அங்கு நின்றோர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய காரைத் திருத்துவோர் உலகெங்கும் தமக்குள் வாதிடும் வாதம் அந்த இரண்டு வசனங்களுக்குள் அடங்கிவிட்டது. பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம் ஒன்று 1966 முதல் உண்டு. கட்டடங்களைப் பேணுதல் பற்றி 1964இல் வெனிஸ் நகரில் இயற்றிய சாசனத்தை அடியொற்றி, அச்சம்மேளனமும் 2010களின் தொடக்கத்தில் ரியூரின் சாசனம் என ஒன்றை ஏற்றுக்கொண்டது. வாகனத்தின் மேற் காலம் பதித்த சுவடுகளும் அதன் வரலாற்றின் பகுதியே. அவற்றை மதித்து, இயன்ற அளவு குறைவாகவே கைவைக்கவேண்டும் என்பது அதன் சாரம். அறிஞர் பலர் கூடி எழுதிய சாசனம் சொல்வதை வேலணைக் கிழவர் ஒரு ஸ்பனரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

நம்மிடையே இப்போது பரவிவரும் திருத்த முறை இதற்கு நேர்மாறு. தகட்டைச் சுரண்டிப் பட்டி பூசி, 1953இற் கண்டிராத பளபளப்புடன் வர்ணமடித்து, சில்லுக்கு வெள்ளை வளையம் போட்டு, கலியாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். கலியாண ஊர்வலத்தை நான் பழிக்கவில்லை. மணப்பெண்ணின் கூறைச்சேலைக்கு சோமசெற்றின் வளைவுகள் எடுப்பாகத்தான் இருக்கின்றன. அந்த வாடகைக் காசு காரையும் காக்கிறது. என் மனக்குறை, வெங்காயச் சாக்கு உரசிய தழும்பும் மண்ணெண்ணெய்த் திருகுவாயும் வெட்கப்படத்தக்கவை போல மறைக்கப்படுவதுதான். இங்கிலாந்திற் பிறந்த கார் ஒன்று இங்கிலாந்திற் பிறந்தது போலவே இருக்குமாயின், அதைப் பார்க்க நாம் இங்கிலாந்துக்கே போகலாமே!

போருக்குப் பின் வந்த வெளிநாட்டுப் பிரயாணிகள் யாழ்ப்பாணத்தை ஹவானாவோடு ஒப்பிட்டார்கள். கியூபாவில் 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன் வந்த அமெரிக்கக் கார்கள், பின்னர் அமெரிக்கா விதித்த தடையினால் அறுபதாண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. மேலே ஷெவ்றலே, உள்ளே வேறு நாட்டு டீசல் இயந்திரம். அது தேவையின் கைவேலை. நம்முடைய மைனர்களிலும் நிஸான் இயந்திரம் பொருத்தியவற்றைக் கண்டிருக்கிறேன். பாக்குநீரிணைக்கு அப்பாலும் இதே தேவை வேறு வேடம் பூண்டு நின்றது. மொறிஸ் ஒக்ஸ்போட்டை மூலமாகக் கொண்டு 1950களின் பிற்பகுதியில் இந்தியாவிற் பிறந்த அம்பாசடர், போட்டியற்ற சந்தையில் வளர்ந்து, 2014 வரை வங்காளத்து உத்தரபாராவிற் செய்யப்பட்டது. தடை, கட்டுப்பாடு, வறுமை ஆகிய மூன்றும் சேர்ந்து ஆசியாவிலும் கியூபாவிலும் மோட்டார் அருங்காட்சியகங்களைத் தெருவில் நடத்தின. எவரும் அதற்குத் திட்டமிடவில்லை.

விருப்பம் திட்டமிட்டுக் காத்த இடமும் உண்டு, அது இங்கிலாந்து. மைனர் உரிமையாளர் கழகம் 1976இலேயே தோன்றிவிட்டது. பாத் நகரிலே மைனர்களுக்கென நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், ஒரு காரை வீசிவிட்டுப் புதியதை வாங்குவதினும் அதையே காலமெல்லாம் செப்பனிட்டு ஓட்டுவது சிக்கனம் என்று 1982இல் ஒரு நூலே எழுதினார். நம்மவர் அறியவேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. மைனருக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை அவர் இலங்கையிற் செய்வித்துத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். தென்னிலங்கைத் தொழிலாளியின் சுத்தியல் ஒலித்து இங்கிலாந்தின் மைனர்கள் மறுபிறவி எடுத்தன. அந்நாட்டுச் சட்டமும் துணைநிற்கிறது: நாற்பதாண்டு கடந்த காருக்கு வீதிவரி இல்லை, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாவிடின் 2018 மே முதல் ஆண்டுப் பரிசோதனையும் கட்டாயமில்லை. விருப்பத்துக்குப் பின்னால் கழகம், கடை, சட்டம் என்று மூன்று தூண்கள் நிற்கின்றன. நம்மிடம் இருப்பது விருப்பம் மட்டுமே.

விருப்பம் மட்டும் போதாது என்பதற்கு உப்புக்காற்றே சாட்சி. தாம்போதியின் இருமருங்கும் கடல். சோளகக் காற்றிற் கண்ணாடியை விரலால் தடவினாற் கரிக்கும். சோமசெற்றுக்கு அடிச்சட்டம் தனி, உடல் தனி. உடலிற் கறள் பிடித்தால் வெட்டி ஒட்டலாம், சட்டம் தாங்கும். மைனருக்கோ உடலே சட்டம். கதவுக்கடியிற் கறள் பிடித்த மைனர், முதுகெலும்பு உளுத்த மனிதன் போன்றது. வர்ணம் அதனை மறைக்குமேயன்றித் தாங்காது. முன்சில்லைத் தாங்கும் புரியாணி மூட்டு மைனரின் மற்றொரு பலவீனம். அதற்குக் காலந்தவறாது கிறீஸ் அடிக்காவிடிற் புரி தேய்ந்து, திரும்பும்போது சில்லு மடிந்து கார் குப்புற விழும். வெங்காயம் ஏற்றிய தோட்டக்காரனுக்கு அது தெரியும். ஆண்டில் ஒரு மாதம் வந்து, மிகுதிப் பதினொரு மாதம் படங்கு போர்த்து விட்டுச்செல்லும் அன்பருக்குத் தெரியுமா? ஓடாத காரிற் பிறேக் இறுகும், பெற்றோல் பிசினாகும், படங்கின் அடியில் ஈரம் தங்கும். பழைய காருக்கு ஓட்டமே மருந்து. ஊரிலுள்ள மருமகனிடமோ அயலவரிடமோ திறப்பைக் கொடுத்து, "கிழமைக்கொருக்கால் சந்தைக்கு எடுத்துக்கொண்டு போங்கோ" என்று சொல்லுகிறவரே உண்மையான பற்றுடையவர் என்பேன். கீறல் விழத்தான் செய்யும். விழட்டுமே.

எரிபொருளைப் பற்றியும் ஒரு சொல். 2022இல் நாடே வரிசையில் நின்றதையும், யூலையில் அட்டைமுறை வந்து வாராந்தப் பங்கு அளந்துவிடப்பட்டதையும் மறந்திருக்க மாட்டோம். பழைய மண்ணெண்ணெய் வித்தையை மீட்டாலென்ன என்று அப்போது சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தாவலில் ஏறியது. தீவகத்து மீனவரே வள்ளத்தைக் கரையேற்ற நேர்ந்தது. ஒரு காலத்தின் வித்தை மறுகாலத்திற் பலிக்குமென்ற உறுதியில்லை. வித்தையைக் கண்டுபிடித்த மனம் இருந்தாற் போதும், அது வேறொன்றைக் கண்டுபிடிக்கும்.

அந்த மனம் யாரிடம் இருக்கிறது? கராச்சுகளில் இருக்கும் முதியவர்களிடம். காரை விற்பவரும் வாங்குபவரும் பேசப்படுகிறார்கள். கொழும்புத் தரகர் வந்து குடாநாட்டு மைனர்களைத் தெற்குக்கு ஏற்றிச்செல்வது பற்றி ஊரார் குறைபடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு வருத்தமில்லை. தெற்கே போனாலும் கார் காராகவே இருக்கும். உரிமையாளர் கடல்கடந்தோ காலமாகியோ போக, பதிவுப் புத்தகமும் தொலைந்த கார்களை என்செய்வது என்பதுகூட, அதிகாரிகள் மனம்வைத்தால் ஒரு விதியினாலே தீர்க்கக்கூடியது. கைத்திறன் போனால் விதியெழுதி மீட்க முடியாது. வால்வின் இடைவெளியைக் காதால் அறிகிறவர், கைவிளக்கின் துணையின்றிக் காபரேற்றரைப் பிரித்துப் பூட்டுகிறவர், அங்குல அளவுச் சாவிக்கும் மில்லிமீற்றர்ச் சாவிக்கும் உள்ள மயிரிழை வேற்றுமையை விரலால் உணர்கிறவர் எழுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். கராச்சில் உதவிக்கு நிற்கும் பையன், கணினியை மாட்டிக் கோளாறு பார்க்கும் யப்பானியக் காரைப் பழகவே விரும்புகிறான்; அதிற்றான் சம்பளம் உண்டு; அவனைக் குறைகூறுதல் நியாயமாகாது.

ஆகவே திருத்தத்திற்குப் பணம் செலவிட முன்வரும் அன்பர்களிடம் ஒன்று கேட்கலாம். வர்ணத்துக்கும் வெள்ளை வளையத்துக்கும் ஒதுக்கும் காசில் ஒரு பங்கை, காரைத் திருத்தும் முதியவருக்குக் கையாளாக ஒரு பையனை ஓராண்டு நிறுத்தி, அவன் கூலிக்குக் கொடுக்கலாகாதா? கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இயங்கும் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார்த் தொழில் கற்பிக்கப்படுகிறது. கற்கும் மாணவருக்குப் பழைய ஒஸ்ரின் இயந்திரம் ஒன்றை அறுத்துக் காட்டினால், நான்கு வருடப் புத்தகத்தை நான்கு நாளில் விளங்கிக்கொள்வர். அவ்வளவு வெளிப்படையான இயந்திரம் அது. மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கை நுழைய இடமுமுண்டு. வேலணை முதியவரைப் போன்றோரை மாதமொருமுறை அங்கு அழைத்து, வாகனச் செலவும் மதியச் சாப்பாடும் கொடுத்து, பேசச் சொல்லவேண்டும். அவர் பேசமாட்டார்; கழற்றிக் காட்டுவார். ஒருவர் அருகிலிருந்து எழுதிக்கொள்ளட்டும், படமெடுத்துக்கொள்ளட்டும். மண்ணெண்ணெய்த் திருகுவாய் எந்தப் பட்டறையில் வார்க்கப்பட்டது, துளை எத்தனை நூல், பெற்றோலிலிருந்து மாற்றும் தருணத்தை எந்த ஒலியால் அறிந்தார்கள் என்பவையெல்லாம் இன்னும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. மடத்துவெளிச் சோமசெற்றின் திருகுவாய் கழற்றப்பட்டதா, விடப்பட்டதா என்று அறிய நான் மறுநாள் நிற்கவில்லை. ஆனால் அதன் அளவைக் கிழவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தேன்.